நான்கு வாக்குகளின் அவை: இங்கிலாந்துப் பள்ளிகளில் சமயக் கல்வியும் உள்ளூர் ஆலோசனை மன்றங்களும்

இங்கிலாந்தில் கணிதத்திற்கும் வரலாற்றிற்கும் 1988 முதல் தேசியப் பாடத்திட்டம் உண்டு. சமயக் கல்விக்கு அது இல்லை. சட்டப்படி கட்டாயப் பாடமாக இருந்தும், அதன் உள்ளடக்கத்தை ஒவ்வொரு பகுதியின் உள்ளாட்சி அமைப்பும் தனித்தனியே வகுத்துக்கொள்கிறது. இப்பணிக்குத் துணைநிற்பது ‘சாக்ரே’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சமயக் கல்விக்கான நிலையான ஆலோசனை மன்றம். பாடத்திட்டம் முழுவதையும் மையப்படுத்திய ஓர் அரசு, சமயத்தை மட்டும் உள்ளூரின் கையில் விட்டது ஏன்? இதற்கான விடை நூற்றைம்பது ஆண்டுக்காலச் சச்சரவில் இருக்கிறது.

1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்கு முன்பு தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் திருச்சபைகளின் பொறுப்பில் இருந்தன. வரிப்பணத்தில் இயங்கும் பள்ளிகளை அச்சட்டம் தோற்றுவித்தபோது, அங்கே யாருடைய கிறித்தவத்தைக் கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. அரசு சபையான ஆங்கிலிக்கன் திருச்சபைக்கும், அதனைச் சாராத மெதடிஸ்டு, பாப்டிஸ்டு முதலிய சபைகளுக்கும் இடையிலான பூசல் அது. வில்லியம் கௌப்பர்-டெம்பிள் முன்மொழிந்த விதி ஒரு நடுவழியைக் காட்டியது: எந்தவொரு சபைக்கும் தனித்துரிய ஞானோபதேசமும் விசுவாச வாசகமும் அப்பள்ளிகளில் கற்பிக்கப்படலாகாது. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளைகளைச் சமய வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் அளித்தது.

பூசல் அத்துடன் ஓயவில்லை. 1902ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபைப் பள்ளிகளுக்கும் உள்ளூர் வரிப்பணத்தைத் திறந்துவிட்டபோது, அரசு சபையைச் சாராதோர் பலர் அவ்வரியைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றனர். இந்தக் கசப்பைக் கடக்க உள்ளூர் அளவிலேயே ஒரு வழி பிறந்தது. சபைகளின் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து, அனைவருக்கும் ஏற்புடைய பாடத்திட்டத்தைத் தாமே எழுதுவது என்பதே அது. 1924இல் வெளியான கேம்பிரிட்ஜ்ஷயர் பாடத்திட்டம் இம்முயற்சிகளில் புகழ்பெற்றது. வேறு பல பகுதிகளும் அதனை ஏற்றுக்கொண்டன.

போருக்கிடையே ஆர். ஏ. பட்லர் நிறைவேற்றிய 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இவ்வழக்கத்தைச் சட்டமாக்கியது. ஒப்புதல் பாடத்திட்டத்தை வகுக்கும் மாநாட்டில் நான்கு குழுக்கள் இடம்பெற்றன: ஆங்கிலிக்கன் திருச்சபை, பிற சமயப் பிரிவுகள், ஆசிரியர் சங்கங்கள், உள்ளாட்சி அமைப்பு. உறுப்பினர் எத்தனை பேராயினும் குழுவுக்கு ஒரே வாக்கு. நான்கும் உடன்பட்டால்தான் பாடத்திட்டம் செல்லும். இல்லையேல் அமைச்சர் வேறோர் அமைப்பை நியமிப்பார். ஆலோசனை மன்றம் அமைப்பதையும் இச்சட்டம் அனுமதித்தது, ஆனால் கட்டாயமாக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரு சொற்றொடர். அப்பகுதியின் சூழலைக் கருதி இடம்பெறத்தக்க ‘சமயப் பிரிவுகள்’ என்றே சட்டம் கூறிற்று. எழுதியோர் மனத்தில் இருந்தவை கிறித்தவத்தின் உட்பிரிவுகள். எனினும் அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தச் சூழலே மாறியது. பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும், பின்னர் கென்யாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் பர்மிங்காம், பிராட்போர்டு, லெஸ்டர் முதலிய நகரங்களில் குடியேறின. மெதடிஸ்டுகளுக்காகச் செய்த நாற்காலியில் சீக்கியரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அமரத் தொடங்கினர்.

கல்விப்புலத்திலும் இணையான மாற்றம் நிகழ்ந்தது. 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் தலைமையில் தொடங்கிய சமயவியல் துறை, சமயத்தை நம்பிக்கையூட்டலாக அன்றி ஆய்வுப்பொருளாக அணுகியது. 1975இல் பர்மிங்காம் வெளியிட்ட ஒப்புதல் பாடத்திட்டம் பல சமயங்களுடன் மனிதநேயவாதம், கம்யூனிசம் போன்ற சமயம் சாரா நிலைப்பாடுகளுக்கும் இடமளித்தது. அதன்மீது எழுந்த எதிர்ப்பு கடுமையானது. ஆயினும் சமயக் கல்வியின் நோக்கம் மாணவரை விசுவாசியாக்குவதா, சமயங்களைப் புரிந்துகொள்ளச் செய்வதா என்னும் கேள்வியை அது பொதுவெளியில் நிறுத்தியது.

1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இரு திசைகளிலும் இழுத்தது. ‘சமய போதனை’ என்ற பெயரைச் ‘சமயக் கல்வி’ என மாற்றியது. புதிய பாடத்திட்டம், நாட்டின் சமய மரபுகள் பெரும்பாலும் கிறித்தவமே என்பதைப் பிரதிபலிக்க வேண்டும் என்றது. அதே மூச்சில், ஏனைய முதன்மைச் சமயங்களின் போதனைகளையும் நடைமுறைகளையும் கருத்தில்கொள்ள வேண்டும் என்றும் கூறிற்று. ஆலோசனை மன்றம் கட்டாயமாயிற்று.

மன்றத்தின் பணிகள் தெளிவானவை. கற்பிக்கும் முறை, பாடப்பொருள் தேர்வு, ஆசிரியர் பயிற்சி ஆகியவை குறித்து உள்ளாட்சி அமைப்புக்கு ஆலோசனை கூற வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். உள்ளாட்சி நீங்கலான குழுக்கள் பெரும்பான்மையாகக் கோரினால் பாடத்திட்டம் மறுபரிசீலனைக்கு வந்தாக வேண்டும். பள்ளியின் தினசரிக் கூட்டு வழிபாடு கிறித்தவத் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை, மாணவரின் குடும்பப் பின்னணியைக் கருதி ஒரு குறிப்பிட்ட பள்ளிக்குத் தளர்த்தும் அதிகாரமும் மன்றத்திற்கு உண்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்வதும் கடமையாயிற்று.

இந்த ஏற்பாட்டின் சமமின்மை வாக்குக் கணக்கில் தெரிகிறது. ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் தனியே ஒரு வாக்கு. கத்தோலிக்கர், மெதடிஸ்டு, முஸ்லிம், இந்து, சீக்கியர், யூதர், பௌத்தர் ஆகிய அனைவருக்கும் சேர்த்து ஒரு வாக்கு. வேல்ஸில் 1920இலேயே ஆங்கிலிக்கன் சபை அரசுத் தகுதியை இழந்துவிட்டதால் அங்கே மூன்றே குழுக்கள். ஓர் அவையின் அமைப்பு, அதனை உருவாக்கிய காலத்தின் அதிகார உறவுகளை எவ்வளவு நீண்டகாலம் சுமக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

எந்தச் சமயமும் சாராதோருக்கு இடமுண்டா என்பது அடுத்த கேள்வி. மனிதநேயவாதி ஒருவருக்கு உறுப்பினர் இடம் மறுத்த கென்ட் உள்ளாட்சியின் முடிவு சட்டத்திற்குப் புறம்பானது என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேல்ஸ் இன்னும் முன்னே சென்றது: 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி பாடத்தின் பெயரையே ‘சமயம், விழுமியங்கள், அறவியல்’ என மாற்றி, சமயம் சாரா மெய்யியல் நிலைப்பாடுகளுக்கும் மன்றத்தில் இடம் வகுத்தது.

இதற்கிடையே மன்றங்களின் காலடி மண் அரிக்கப்பட்டுவருகிறது. 2010க்குப் பின் பெருகிய ‘அகாடமி’ பள்ளிகள் உள்ளூர் ஒப்புதல் பாடத்திட்டத்திற்குக் கட்டுப்பட்டவை அல்ல; இன்று இடைநிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை இவ்வகையினவே. சமயக் கல்வி ஆணையம் 2018இல் அளித்த அறிக்கை, உள்ளூர்ப் பாடத்திட்டங்களுக்கு மாற்றாக நாடு தழுவிய உரிமைச் சட்டகத்தையும், மன்றங்களுக்கு மாற்றாக ஆலோசனை வலையமைப்புகளையும் பரிந்துரைத்தது. 2025இல் வெளியான பாடத்திட்ட மறுஆய்வும் இப்பாடத்தைத் தேசியப் பாடத்திட்டத்திற்குள் கொண்டுவரும் திசையையே சுட்டியது.

இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. முழுவதும் அரசு நிதியில் நடைபெறும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் உறுப்பு. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது போதனை ஆகாது என 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறுபடுத்தியது. ஆனால் அவ்வாறு கற்பிப்பதாயின், எதை, எவர் முடிவு செய்வது என்பதற்கு உள்ளூர்ச் சமூகங்களின் சட்டபூர்வமான அவை ஏதும் இங்கே இல்லை.

அந்த வகையில் ஆங்கிலேய மன்றங்களின் வரலாறு கல்வியியலாளர் கவனத்திற்குரியது. பாடநூலில் ஒரு சமயம் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது என்பதை, அச்சமயத்தார் பிற சமயத்தாரோடும் ஆசிரியரோடும் ஒரே மேசையில் அமர்ந்து பேசி முடிவு செய்யும் நடைமுறையை அவை காத்தன. மையப்படுத்தலால் பாடத்தின் தரம் சீராகலாம். உள்ளூர்தோறும் நிலவும் ஏற்றத்தாழ்வு குறையலாம். அம்மேசையை இழந்துதான் அச்சீர்மையைப் பெற வேண்டுமா என்பதே இன்று அங்கே விவாதத்திற்குரிய கேள்வி.