கூடைப்பந்தின் வாடகை வீடுகள்

விளையாட்டுச் செய்திகளைத் தமிழில் தருவோர்க்கு இடர்ப்பாடு விளைக்கும் சொற்களுள் 'ஹோம்' என்பதும் ஒன்று. ஒரு குழு தன் சொந்த அரங்கில் ஆடும் ஆட்டத்தை ஆங்கிலத்தில் அவ்வாறு குறிப்பர். அதனை வீடு என்பதா, ஊர் என்பதா, தாயகம் என்பதா? பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு, இவை மூன்றும் ஒன்றல்ல என்பது நன்கு தெரியும். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் வரலாற்றை நோக்கினால், அவ்வாட்டத்துக்கும் இவை ஒன்றாக இருந்ததில்லை எனக் காண்கிறோம். அதன் அரங்குகளின் கதை பெரும்பாலும் ஒரு குடித்தனக்காரரின் கதையே.

1891-ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராகிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுத்தார். உடற்பயிற்சிக் கூடத்தின் இரு முனைகளிலும் மாடத்துக் கைப்பிடியில் பீச் பழக்கூடைகளைப் பொருத்தினார். மாடம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றளவும் வளையத்தின் உயரம் 10 அடியே. ஆட்டத்தின் முதன்மையான அளவொன்றை, அதற்கென எழுப்பப்படாத ஒரு கட்டடம் விதித்தது என்பது கருதத்தக்கது. அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். ஆதலின் இவ்வாட்டத்தின் பிறந்தகம் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

தொழில்முறைச் சங்கம் தோன்றிய வரலாறு இன்னும் சுவையானது. 1946-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் கூடி அதனைத் தோற்றுவித்தோருட் பெரும்பாலோர் கூடைப்பந்துப் பற்றாளர் அல்லர். பனித்தள ஹாக்கி அரங்குகளின் உரிமையாளர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்குகள் வெறுமையாகக் கிடந்தன. அவ்விரவுகளை நிரப்ப ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. சங்கத்தின் முதல் தலைவரான மாரிஸ் பொடலாஃப் ஒரு ஹாக்கிச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவரே. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் முதல் ஆட்டம் கனடாவில், டொராண்டோ நகரத்து ஹாக்கி அரங்கில் நடைபெற்றது. நியூயார்க் குழு 68-66 எனும் கணக்கில் வென்றது. காண வந்தோர் 7,090 பேர். பல அரங்குகளில் பனித்தளத்தின்மீதே பலகை பரப்பி ஆடினர். பலகையில் ஈரம் கசிந்து வீரர்கள் வழுக்கி விழுந்தனர். வீட்டுக்காரரின் வசதியே முதன்மை. குடியிருப்பவரின் வசதி பிறகு. 1949-இல் வேறொரு சங்கத்துடன் இணைந்து இது தேசியக் கூடைப்பந்துச் சங்கம் எனப் பெயர் பெற்றது.

நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்கத் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. பெயரிலே தோட்டம் உண்டு. அங்கே மரமும் இல்லை, செடியும் இல்லை. 1879-இலும் 1890-இலும் அமைந்த முதலிரு கட்டடங்கள் மாடிசன் சதுக்கத்தருகே இருந்தன. 1925-இல் எழுந்த மூன்றாவது கட்டடம் வேறு தெருவுக்குச் சென்றபோதும் பெயரை உடன் கொண்டு சென்றது. அங்கே சர்க்கஸ் வந்து இறங்கினால் கூடைப்பந்து வெளியேற வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் நிக்கர்பாக்கர்ஸ் குழு, சங்கத்தின் இறுதிப் போட்டிகளையே ஒரு படைப்பிரிவின் பயிற்சிக் கூடத்தில் ஆட நேர்ந்தது. யானைகளுக்கு முன்னுரிமை, வீரர்களுக்கு மாற்றிடம்! 1968-இல் திறக்கப்பட்ட நான்காவது கட்டடம், 1910-ஆம் ஆண்டின் எழில்மிகு பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடித்து, அவ்விடத்தில் எழுப்பப்பட்டது. அந்த இடிப்பு எழுப்பிய மனக்கொதிப்பே, 1965-இல் நியூயார்க் நகரம் தன் பழங்கட்டடங்களைக் காக்கச் சட்டம் இயற்றியதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

பாஸ்டன் நகரத்துக் கதை வேறு வகையினது. போரை அடுத்து 1946-இல் நீண்ட மரப்பலகைகள் கிடைப்பது அரிதாயிருந்தது. எனவே சிறு ஓக் துண்டுகளை மாறி மாறிக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி ஆடுதளம் அமைத்தனர். வறுமையிற் பிறந்த அக்கோலம் பின்னர் செல்டிக்ஸ் குழுவின் அடையாளமாகவே ஆயிற்று. 1952-இல் அத்தளம் பாஸ்டன் தோட்டம் என்னும் அரங்குக்குப் பெயர்ந்தது. 1957 முதல் 1969 வரை 13 பருவங்களில் 11 பட்டங்களை அக்குழு வென்றது. 1928-இல் கட்டிய அவ்வரங்கில் குளிர்சாதனம் இல்லை. 1984-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியின் ஐந்தாம் ஆட்டத்தன்று உள்ளே வெப்பம் 36 பாகையைத் தொட்டது. நாகபுரியிலும் தில்லியிலும் கோடையைக் கழிப்போர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. ஆயினும் லாஸ் ஏஞ்சலீஸ் வீரர் கரீம் அப்துல் ஜபார் மூச்சுக்கு ஆக்சிஜன் நாட வேண்டியிருந்தது. 1995-இல் செல்டிக்ஸ் குழு புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தபோது பழைய தளமும் உடன் சென்றது. 1999 வரை அதிலேயே ஆடினர். பின்னர் அதன் துண்டுகளை ரசிகர்கள் நினைவுப் பொருளாக விலை கொடுத்து வாங்கினர். கட்டடம் போயிற்று, தரை தங்கிற்று.

பிற குழுக்கள் பெயரை மட்டுமே தூக்கிச் சென்றன. தொடக்க நாட்களில் சிற்றூர்களும் குழு வைத்திருந்தன. ஆனால் பெருநகரக் கூட்டமின்றிச் செலவு கட்டவில்லை. ஃபோர்ட் வேன் குழு 1957-இல் டெட்ராய்டுக்கும், சிரக்யூஸ் குழு 1963-இல் பிலடெல்பியாவுக்கும் சென்றன. ஏரிகள் மலிந்த மினசோட்டாவில் 'ஏரிக்காரர்' எனப் பொருள்படும் லேக்கர்ஸ் என்ற பெயருடன் விளங்கிய குழு, 1960-இல் ஏரிவளம் இல்லாத லாஸ் ஏஞ்சலீஸை அடைந்தும் பெயரை விடவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஜாஸ் இசையைப் பெயராகக் கொண்ட குழு 1979-இல் யூட்டா மாநிலத்துக்குச் சென்றும் ஜாஸ் ஆகவே நிற்கிறது. ஊரை விட்டாலும் ஊர்ப்பெயரைத் தலையெழுத்தாக உடன் கொண்டு திரியும் நம் வழக்கம் இங்கே நினைவுக்கு வராமற் போகாது.

காலப்போக்கில் அரங்கின் பொருளாதாரமே மாறிற்று. டெட்ராய்டுப் புறநகரில் 1988-இல் தனியார் பணத்தில் எழுந்த அரங்கில், பெருநிறுவனங்கள் ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் தனியறைகள் நூற்றுக்கு மேல் அமைந்தன. அவ்வறைகளிலிருந்து வரும் வருவாயைக் கண்ட பிற உரிமையாளர்கள், அவையில்லாத அரங்குகளைக் காலங்கடந்தவை எனக் கருதத் தொடங்கினர். கூரையும் சுவரும் உறுதியாயிருப்பினும், வருவாய் குறைந்தால் கட்டடம் முதுமை எய்தியதாகக் கொள்ளப்பட்டது. அந்த டெட்ராய்டு அரங்கே 2017-இல் கைவிடப்பட்டு, 2020-இல் இடிக்கப்பட்டது. அதன் வயது 32.

இம்மாற்றத்தின் விலையை முழுமையாகச் செலுத்திய நகரம் சியாட்டில். 1962-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கென எழுந்த அரங்கில் 1967-இல் சூப்பர்சோனிக்ஸ் குழு ஆடத் தொடங்கியது. 1979-இல் பட்டமும் வென்றது. 1995-இல் அரங்கைப் புதுப்பித்தும், பத்தாண்டுகள் கழிந்ததும் அதுவும் போதாதென்றனர் உரிமையாளர்கள். பொதுப்பணத்தில் மேலும் செலவிட நகரம் இசையவில்லை. வழக்கு மூண்டது. 2008-இல் 4.5 கோடி டாலர் ஈடு தந்து, குத்தகை முடிய ஈராண்டு இருக்கும்போதே, குழு ஓக்லஹோமா நகருக்குச் சென்றது. 41 ஆண்டு உறவு முறிந்தது. எனினும் ஓர் ஏற்பாடு செய்தனர்: பெயரும் நிறங்களும் சியாட்டிலுக்கே விடப்பட்டன.

சேக்ரமென்டோ நகரம் எதிர்வழியை மேற்கொண்டது. கிங்ஸ் என்னும் அதன் குழு ராச்செஸ்டரிலிருந்து சின்சினாட்டிக்கும், பின்னர்க் கான்சஸ் நகருக்கும், 1985-இல் சேக்ரமென்டோவுக்கும் வந்த நாடோடி. 2013-இல் அதனை விலைக்கு வாங்கி அழைத்துச் செல்ல முயன்றோர் சியாட்டில்காரர்களே! சேக்ரமென்டோ 25 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் தர உடன்பட்டுக் குழுவைக் காத்துக்கொண்டது; 2016-இல் புதிய அரங்கு திறக்கப்பட்டது. அக்குழுவை அன்று வாங்கியோரின் தலைவர் மும்பையிற் பிறந்த விவேக் ரணதிவே. 2019 அக்டோபரில் அச்சங்கத்தின் ஆட்டங்கள் முதன்முறையாக இந்தியாவில், மும்பை வொர்லி உள்ளரங்கில் நிகழ்ந்தபோது ஆடிய இரு குழுக்களுள் ஒன்று அந்தக் கிங்ஸ் குழுவே.

இரு நகரங்களுள் எதன் வழி நேரியது? விடை எளிதன்று. அரங்குக்குத் தரும் பணம் பள்ளிக்கும் பாலத்துக்கும் ஆகாமற் போகும்; தராவிடில் ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதுகள் ஊரை விட்டுப் போகும். ஆயினும் சியாட்டிலின் பிற்கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1962-ஆம் ஆண்டுக் கூரையை அப்படியே நிறுத்தி, அதன்கீழ்ப் புதிய அரங்கைப் பெரும்பாலும் தனியார் முதலீட்டில் அமைத்து 2021-இல் திறந்தனர். பெண்கள் கூடைப்பந்துக் குழு 2022-இல் அங்கே திரும்பிற்று. மறுத்த நகரத்துக்கும் அரங்கு கிடைத்தது. ஆனால் 13 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

லாஸ் ஏஞ்சலீஸில் 1999 முதல் லேக்கர்ஸ் குழுவுடன் ஒரே அரங்கைப் பகிர்ந்திருந்த கிளிப்பர்ஸ் குழு, பல ஆண்டுகள் தன் ஆட்ட நாளில் லேக்கர்ஸின் வெற்றிக்கொடிகளைத் தன் வீரர் படங்களால் மறைத்து வந்தது. 2024-இல் அது தன் சொந்த அரங்கிற் குடிபுகுந்தது. அங்கே எதனையும் மறைக்க வேண்டியதில்லை. தொங்கவிடத் தன் பட்டக்கொடி ஒன்றும் அன்று அதனிடம் இல்லை. பத்திரம் கையில் வந்த நாளன்று வீடு முழுமை பெறுவதில்லை என்பதை வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குச் சென்றவர் அறிவர். 'ஹோம்' என்பதற்கு ஒரே சொல்லைத் தேடிக் களைத்தோர் இதனையும் கருத்திற்கொள்ளுதல் நலம்.