தேடிய தேட்டம்: பத்திரத்தில் இருக்கும் பெண்ணின் பெயர்

"பொண்டாட்டி பேர்லதான் எழுதியிருக்கேன்" என்று ஆண்கள் சொல்வதை ஆத்தூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கலாம். சிலர் பெருமைக்காகச் சொல்வார்கள். சிலர் அவள் ராசிக்காரி என்பார்கள். கடன்காரர் கை வைக்காமல் இருக்கட்டும் என்று எழுதிவைப்பவர்களும் உண்டு. பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியபின் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. எதற்காக எழுதினாலும் பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏறிவிடுகிறது. அந்தப் பெயருக்குச் சட்டம் என்ன மதிப்புக் கொடுத்து வந்திருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

பெயர் ஒருவருடையதாகவும் கை இன்னொருவருடையதாகவும் இருப்பது நம் மண்ணில் பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்கள் நிலம் விற்கிறார்கள், கோயிலுக்குக் கொடுக்கிறார்கள். அவர்களில் பலர், குறிப்பாகப் பிராமணப் பெண்கள், தாமாக முன்வந்து கையெழுத்திடுவதில்லை. 'முதுகண்' என்று ஓர் ஆண் உடன் நிற்கிறான். தந்தையோ கணவனோ மகனோ உறவினனோ அந்த இடத்தில் இருப்பான். நிலம் அவளுடையது, அதைப் பற்றிய பேச்சு அவன் வழியாக நடக்கும். கல்வெட்டுப் பாடம் நடத்தும்போது இந்தச் சொல்லுக்கு 'காப்பாளர்' என்று பொருள் சொல்லிக் கடந்துபோவது வழக்கம். யாரிடமிருந்து எதைக் காத்தார் என்று நாம் கேட்டதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த நிலைக்கு வேறொரு சொல் வந்தது. 'பினாமி' என்பது பாரசீக வழிச் சொல், 'பெயரில்லாத' என்று பொருள். பணம் கொடுத்தவரின் பெயர் ஆவணத்தில் இல்லை என்பதால் அப்படி அழைத்தார்கள். ஒருவர் தம் பணத்தில் மனைவி அல்லது பிள்ளை பெயரில் சொத்து வாங்கினால் அதை அவர்களுக்குக் கொடுத்த கொடையாகக் கருதலாம் என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தின் அனுமானம். இந்தியாவுக்கு அது பொருந்தாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1854-இல், தந்தை ஒருவர் மகன் பெயரில் வாங்கிய சொத்தைப் பற்றிய வங்காள வழக்கில் முடிவு செய்தது. யார் பெயர் என்பதைவிட யார் பணம் என்பதையே பார்க்க வேண்டும் என்றது. மனைவி பெயரில் வாங்கிய சொத்துக்கும் அதே அளவுகோல் வந்து சேர்ந்தது. இங்கிலாந்துப் பெண்களின் நிலை உயர்ந்திருந்தது என்று இதற்குப் பொருளல்ல. திருமணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து என்பதே அங்கு 1870-க்குப் பிறகுதான் மெல்ல மெல்ல உருவானது. ஆனாலும் 'யார் பணம்' என்ற கேள்வி அன்று முதல் நம் நீதிமன்றங்களை விட்டுப் போகவில்லை.

ஒரு சொத்து பினாமியா என்று அறிய உச்ச நீதிமன்றம் 1973-இல் சில அடையாளங்களைத் தொகுத்துச் சொன்னது. பணம் எங்கிருந்து வந்தது, அனுபவம் யாரிடம் இருக்கிறது, அந்தப் பெயரில் வாங்கக் காரணம் என்ன, இருவருக்கும் என்ன உறவு, பத்திரம் யார் கையில் இருக்கிறது, வாங்கியபின் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பவை அவை. பினாமி என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. நியாயமான பட்டியல்தான். ஆனால் நம் வீடுகளில் வைத்து அதைப் படித்துப் பாருங்கள். பத்திரம் பீரோவில் இருக்கும், பீரோச் சாவி மாமியாரிடமோ கணவனிடமோ இருக்கும். வரி ரசீது அவன் கட்டியது. குத்தகைப் பேச்சு அவன் பேசியது. அவள் அந்த வீட்டில் மனைவியாக வாழ்ந்த முறையே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

1988-இல் பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டம் வந்தது. பிறர் பெயரில் வாங்கிவிட்டு, பிறகு "உண்மையில் அது என்னுடையது" என்று வழக்குப் போடுவதை அது தடுத்தது. மனைவி, மணமாகாத மகள் பெயரில் வாங்குவதற்கு மட்டும் விலக்கு அளித்தது. அப்படி வாங்கியதை அவர்களுடைய நன்மைக்காக வாங்கியதாகவே கொள்ள வேண்டும், மாறாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய என்றும் சொன்னது. பெண்ணுக்கு ஆதரவாகத் தோன்றும் வாசகம். ஆனால் 1995-இல் உச்ச நீதிமன்றம், மனைவி பெயரில் உள்ள சொத்தைக் கணவன் உரிமை கோரி வழக்குப் போடலாம், அவளுடைய நன்மைக்காக வாங்கவில்லை என்று நிரூபித்தால் வெல்லலாம் என்று விளக்கியது. 2016 திருத்தம், தெரிந்த வருமானத்திலிருந்து மனைவி அல்லது கணவன் பெயரில் வாங்குவது பினாமியே அல்ல என்றது. மனைவிக்குச் சாதகமாக 1988-இல் எழுதியிருந்த அனுமானம் புதிய வாசகத்தில் இல்லை. அயலான் பெயரில் வாங்கியவன் திருப்பிக் கேட்டால் சட்டம் கதவை மூடுகிறது. மனைவி பெயரில் வாங்கியவனுக்கு அதே கதவு திறந்தே இருக்கிறது.

இந்த 'யார் பணம்' என்ற கேள்வி நம் நாட்டோடு நிற்பதல்ல. தாய்லாந்தில் 1954 நிலச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் பொதுவாக நிலத்துக்கு உரிமையாளர் ஆக முடியாது. அங்கே ஒரு பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆண் வீடு வாங்க நினைத்தால் நிலம் அவள் பெயரில்தான் பதிவாகும். பதியும்போது, அந்தப் பணம் முழுவதும் மனைவியின் தனிச் சொத்து, தனக்கு அதில் பங்கில்லை என்று நில அலுவலகத்தில் அவன் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே பணத்தைக் காத்துக்கொள்ளும் வழிகள் அந்த ஆண்களிடையே பெரிய பேச்சு. முப்பது ஆண்டுக் குத்தகை, நிலத்தை அனுபவிக்கும் உரிமையைத் தனியே பதிவது, மனைவிக்குக் கடன் கொடுத்ததாகப் பத்திரம் என்று ஆலோசனைகள் நீளும். பணம் போட்டவரின் அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்த வீட்டைக் கட்டும்போது மேற்பார்த்தவள், அவன் முதுமையில் உடன் இருந்து பார்க்கப்போகிறவள் எதைப் போட்டாள் என்ற கணக்கு அந்த ஆலோசனைகளில் வருவதில்லை. அங்கே அஞ்சுபவன் வெளிநாட்டுக் கணவன், இங்கே உள்ளூர்க் கணவன். இரண்டு இடத்திலும் முதலீடு என்றால் வங்கி வழியாக வந்த தொகை மட்டும்தான்.

நம் சமவெளியை எடுத்துக்கொள்வோம். நாமக்கல், சங்ககிரி லாரிகளிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் ஆண்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறார்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் மரவள்ளி நடவு, களை, தண்ணீர் பாய்ச்சல், மாடு, பிள்ளைகள், மாமனார் மாமியாரின் மருந்து எல்லாம் பெண் தலையில். அவன் அனுப்பும் பணம் நிலமாக மாறுவதற்கு முன் செலவாகிப் போகாமல் நிற்பது அவள் கையில்தான். கிரயத்துக்குத் தொகை குறைந்தால் முதலில் அடகுக்குப் போவது அவள் பிறந்தவீட்டு நகை. அடகுச் சீட்டு மீட்ட அன்றே கிழிக்கப்படுகிறது. அவன் பணத்துக்கு வங்கிக் கணக்கு சாட்சி. அவள் போட்டதற்குச் சாட்சி இல்லை.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருந்தது என்பதுதான் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை டச்சுக்காரர்கள் 1707-இல் தேசவழமை என்று எழுத்தில் தொகுத்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி எழுதியதைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரியென்றார்கள். அதில் குடும்பச் சொத்து மூன்று வகை. ஆண் வழியாக வரும் பரம்பரைச் சொத்து முதுசொம். பெண் கொண்டுவருவது சீதனம். மணவாழ்வில் சேர்த்தது தேடிய தேட்டம். இந்த மூன்றாவதில் கணவன் மனைவி இருவருக்கும் சமபங்கு. யார் சம்பாதித்தார் என்று பிரித்துப் பார்க்காமல் 'தேடியது' என்கிறது சொல். தேடுதல் என்ற வினைக்குள் அலைதல், காத்தல், மிச்சம் பிடித்தல் எல்லாம் அடங்கிவிடுகின்றன.

தேசவழமையைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. தேடிய தேட்டத்தை நிர்வகிக்கும் அதிகாரம் கணவனிடமே இருந்தது, அதை அவன் விற்கவும் ஈடு வைக்கவும் முடிந்தது. 1911 சட்டத்தின்படி மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். முதுகண் அங்கே சட்டமாகவே வந்து நின்றான். தேட்டத்தின் வரையறையும் 1947-இல் மாற்றப்பட்டது. ஆயினும் இருவரும் சேர்த்தது இருவருக்கும் என்ற எண்ணம் ஒரு தமிழ்ச் சமூகத்தின் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் பெண்ணின் சொத்துரிமைப் போராட்டம் பெரும்பாலும் வாரிசுரிமை வழியாக நடந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கோரித் தீர்மானம் போட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண் கையில் உள்ள சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கியது. 1989-இல் தமிழ்நாடு மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்தது, ஆனால் அப்போது மணமாகியிருந்தவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தக் குறையைப் போக்கியது. மகளாக நாம் வென்றவை இவை. மனைவியாக ஒரு பெண் சேர்த்ததற்கு இவற்றில் எதிலும் இடமில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். கணவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார், அவர் பெயரில் சொத்து வாங்கப்பட்டது. திரும்பி வந்த கணவர் அது தம் பணம் என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்தார், பிள்ளைகள் தாய்க்கு எதிராக அதைத் தொடர்ந்தார்கள். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்ளாமல் கணவரால் வெளிநாட்டில் சம்பாதித்திருக்க முடியாது, ஆகவே சொத்து சேர்ந்ததில் இருவருக்கும் சம பங்குண்டு என்றது தீர்ப்பு. மனைவியின் பங்களிப்பை ஏற்கும் சட்டம் இதுவரை இல்லை, ஆனால் ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார் நீதிபதி. யார் பணம் என்ற கேள்விக்குப் பக்கத்தில் யார் உழைப்பு என்ற கேள்வி வந்து நின்றது.

இது ஒரு நீதிபதியின் தீர்ப்பு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. மணமுறிவின்போது கணவன் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருத்த மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் 2014-இல் காலாவதியானது. இந்தியாவிலேயே கோவாவில், போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சிவில் சட்டத்தால், திருமணத்தோடு சொத்து பொதுவாகிறது. அங்கே நடப்பது ஆத்தூரில் நடக்க முடியாததல்ல.

சட்டம் வரும்வரை, இதைப் படிக்கும் மாணவிகளுக்குச் சில சொற்கள். உங்கள் பெயரில் பத்திரம் இருந்தால் அதன் சான்றிட்ட நகல் ஒன்றை உங்களிடம் வைத்திருங்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா பாருங்கள். நகை அடகு வைத்தால் சீட்டைக் கிழிக்காதீர்கள். சேர்ந்து வாங்கும்போது இருவர் பெயரிலும், பங்கு இன்னதென்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 'பொது அதிகாரம்' என்று நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கணவன்மீது நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள். வங்கி ரசீதைப் பத்திரப்படுத்தும் ஆணிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தேட்டத்தில் பாதி உங்களுடையது என்றால், அதற்கான கணக்கை எழுதிவைப்பதும் உங்கள் வேலைதான்.