வெள்ளலூர்ப் பானையும் வரிக்காசும்



அயல்நாடுகளில் உலோகங்காட்டும் கருவியோடு வயல்வெளிகளில் பழங்காசு தேடுவோர் உண்டு. நம் நாட்டிலோ பெரும்பாலும் ஏரும் மண்வெட்டியுமே அவ்வேலையைச் செய்தன. 1842இல் கோவைக்கு அருகே, நொய்யல் ஆற்றை அடுத்த வெள்ளலூரில் ஒரு பானை வெளிப்பட்டது. உள்ளே 522 உரோம வெள்ளிக்காசுகள். அவற்றுள் பெரும்பகுதி கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியு இராயனுடையவை.

நம் ஆண்டவர் பரிசேயரிடம் காட்டச் சொன்ன வரிக்காசு இவ்வகையைச் சேர்ந்ததே எனப் பலர் கருதுகின்றனர். ஒரு புறம் இராயனின் முகம். அதைச் சுற்றி, தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் என்னும் எழுத்து. பக்தியுள்ள யூதரின் கை கூசியதில் வியப்பில்லை.

மிளகும் மணிக்கற்களும் விற்ற நம் முன்னோருக்கோ அம்முகம் பொருட்டன்று, எடையே பொருட்டு. நம் ஆரணித் தெருக்களில் பழைய பட்டுச்சேலையைச் சரிகைக்காக வாங்குபவர் பூவேலையையா பார்க்கிறார்? வெள்ளியை அல்லவா பார்க்கிறார்! 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் மிகப் பலவற்றில் இராயனின் முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருந்தது. பகையினால் அன்று, இனி இது நாணயமன்று, வெறும் பொன் எனக் காட்டவே அவ்வாறு வெட்டினர் என்பர் ஆய்வாளர். எருசலேமில் ஒரு ஜனத்தையே கலங்கடித்த முகம், இங்கே ஓர் உளிக்கு அடங்கிற்று.

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகையில் உங்களுக்கும் இப்படி ஒன்று அகப்படலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியரிடம் அறிவிக்கவேண்டும். உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.