கணினிக்குக் கணினி கோப்புப் பகிர்வும் தீயரணும்

கோப்புகளை ஒரு மையக் கணினியில் வைக்காமல், பயனர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று வழங்கிப் பெறும் முறை கணினிக்குக் கணினி கோப்புப் பகிர்வு எனப்படும். ஃபயர்வால் எனப்படும் தீயரண், வலையமைப்புக்குள் வரும், வெளியேறும் தரவுப் பொதிகளைச் சோதித்து அனுமதிக்கும் காவல் அமைப்பாகும். முன்னது கதவைத் திறக்கச் சொல்கிறது. பின்னது மூடி வைக்கிறது. இந்த முரண்பாட்டின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

தோற்றம்

1999-இல் வெளிவந்த நாப்ஸ்டர், பாடல்களின் பட்டியலை மையக் கணினியில் வைத்திருந்தது. எனவே 2001-இல் நீதிமன்ற ஆணையால் அதை முடக்க முடிந்தது. அதே ஆண்டு பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டொரண்ட், கோப்பைச் சிறு துண்டுகளாக்கிப் பலரிடமிருந்து ஒரே நேரத்தில் பெறச் செய்தது. லினக்ஸ் இயங்குதளங்களின் பெரிய கோப்புகள் இன்றும் இம்முறையில் சட்டப்படியே வழங்கப்படுகின்றன.

அமைப்பு முறை

வீட்டு ரவுட்டரின் தீயரண் பொதுவாக உள்ளிருந்து தொடங்கும் இணைப்புகளை அனுமதிக்கும். வெளியிலிருந்து தொடங்குபவற்றைத் தடுக்கும். கோப்பைப் பிறருக்கு நன்கு வழங்க, வெளியிலிருந்து வரும் இணைப்பும் வேண்டும். இதற்காகப் பயனர்கள், பிட்டொரண்டின் தொடக்ககால 6881 முதல் 6889 வரையிலான போர்ட் எண்களை ரவுட்டரில் தம் கணினிக்குத் திருப்பிவிட்டனர். அந்த எண்கள் தடுக்கப்பட்ட இடங்களில் மென்பொருள்கள் வேறு எண்களுக்கு மாறின. தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறப்பதே பாதுகாப்பு. தீயரணை முழுவதும் நிறுத்தினால் கணினியின் பிற சேவைகளும் வெளியாருக்குத் திறந்துவிடும்.

சென்னை வழக்கு

ஐஸ்வர்யா தனுஷ் இயக்கிய ‘3’ திரைப்படம் 2012 மார்ச் 30 அன்று வெளியானது. அதன் தயாரிப்பு நிறுவனமான ஆர்.கே. புரொடக்சன்ஸ், திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2012 ஏப்ரலில், பெயர் தெரியாத பிரதிவாதிகளையும் கட்டுப்படுத்தும் ‘ஜான் டோ’ வகை இடைக்காலத் தடை கிடைத்தது. அதைத் தொடர்ந்து மே மாதத்தில் சில இணையச் சேவை வழங்குநர்கள் பைரேட் பே, விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுமையாக முடக்கினர். தம் சொந்தப் படைப்புகளை அங்கு வைத்திருந்தவர்களும் பாதிக்கப்பட்டனர். ஜூன் மாதம் பல நகரங்களில் எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தன.

ஜூன் 22 அன்று நீதிமன்றம், தடை திருட்டுப் பிரதி உள்ள குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கு அன்று எனத் தெளிவுபடுத்தியது. அந்த முகவரிகளை மனுதாரரே தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது.

முக்கியத்துவம்

களையெடுக்கும்போது பயிரைப் பிடுங்கக் கூடாது என்பதே இவ்வாணையின் சாரம். வீட்டுத் தீயரணில் ஒரே போர்ட்டைத் திறப்பதற்கும், நாட்டளவில் ஒரே முகவரியைத் தடுப்பதற்கும் அடிப்படை ஒன்றுதான்: விதி தேவையான அளவுக்கு மேல் அகலமாக இருத்தல் ஆகாது.