எல்லை கடந்த ஊழலும் காவல்துறைகளின் ஒத்துழைப்பும்

ஊழல் ஒழிப்பில் பன்னாட்டுக் காவல் ஒத்துழைப்பு என்பது, ஒரு நாட்டின் பொதுப்பணத்தைச் சுருட்டியவர்களையும் சுருட்டப்பட்ட பணத்தையும் பிற நாடுகளின் துணையோடு தேடிப் பிடிக்கும் ஏற்பாடு. இதன் முதன்மை அமைப்பு இன்டர்போல். 1923-இல் வியன்னாவில் தொடங்கப்பட்டு, இன்று பிரான்சின் லியோன் நகரிலிருந்து இயங்கும் இதில் 196 நாடுகள் உறுப்பினர்கள். திரைப்படங்களில் வருவதுபோல், நாடு நாடாகச் சென்று கைது செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும் அதற்கென ஒரு தேசியப் பிரிவு உண்டு. இந்தியாவில் அப்பொறுப்பு சிபிஐ-யிடம் இருக்கிறது. அந்தப் பிரிவுகளுக்கிடையே தகவலைக் கொண்டுசேர்ப்பதே இன்டர்போலின் முக்கிய வேலை. அது வெளியிடும் சிவப்பு அறிவிப்பும் பிடியாணை அன்று. தேடப்படுபவரைக் கண்டறிந்து தற்காலிகமாகக் காவலில் வைக்கும்படி விடுக்கப்படும் வேண்டுகோள்தான். அதை ஏற்பதா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது. ஆகவே, கேட்கும் அரசுக்கும் கேட்கப்படும் அரசுக்கும் விருப்பம் இருக்கும் அளவுக்கே இந்த ஏற்பாடு செயல்படும். கொலை, கொள்ளை வழக்குகளில் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. ஆட்சியாளர்கள் மீதே ஐயம் விழும் ஊழல் வழக்குகளிலோ இதுவே முதல் முட்டுக்கட்டை.

இந்தக் குறையை ஒப்பந்தங்களால் நிரப்பும் முயற்சி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகம் பெற்றது. 2003-இல் ஏற்கப்பட்டு 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, களவுபோன சொத்தை உரிய நாட்டுக்குத் திருப்பித் தருவதை அடிப்படைக் கோட்பாடாக அறிவித்தது. இந்தியா அதை 2011-இல் உறுதிசெய்தது. தென்கிழக்கு ஆசியாவில், குற்ற வழக்குகளில் ஒருவருக்கொருவர் சட்ட உதவி செய்வதற்கான உடன்படிக்கை 2004 நவம்பரில் கோலாலம்பூரில் கையெழுத்தானது. அடுத்த மாதமே புருனை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் ஊழல் தடுப்பு அமைப்புகள் ஜகார்த்தாவில் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பின்னர் மற்ற ஆசியான் நாடுகளும் இதில் இணைந்தன. ஆக, தாளில் எதற்கும் குறைவில்லை.

அந்த வலைப்பின்னலின் உண்மையான வலிமையைச் சோதித்தது மலேசிய அரசு நிதியமான 1எம்டிபி வழக்கு. 2009-இல் நிறுவப்பட்ட இந்நிதியத்திலிருந்து 450 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. 2015-இல் மலேசியாவில் விசாரணை சூடுபிடித்தபோது அரசு தலைமை வழக்கறிஞர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். புதிதாக வந்தவர், பிரதமர் நஜிப் ரசாக் மீது குற்றம் ஏதுமில்லை என்று 2016 ஜனவரியில் அறிவித்தார். சுவிட்சர்லாந்து சட்ட உதவி கேட்டபோதும் மலேசியா கைவிரித்துவிட்டது. கோலாலம்பூரில் கையெழுத்தான உடன்படிக்கையாலோ ஜகார்த்தா உடன்பாட்டாலோ இதைத் தடுக்க முடியவில்லை. 2018 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறிய பிறகே கதவு திறந்தது. இந்நிதியத்தோடு தொடர்புடைய ஒரு வழக்கில் நஜிப்புக்கு 2020 ஜூலையில் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இறுதி மேல்முறையீட்டிலும் தோற்று 2022 ஆகஸ்டில் அவர் சிறை சென்றார். தண்டனையை மன்னிப்பு வாரியம் பின்னர் பாதியாகக் குறைத்தது.

அப்படியானால் ஆட்சி மாற்றம்தான் மருந்து, பன்னாட்டு ஒத்துழைப்பு வெறும் அலங்காரம் என்று சிலர் வாதிடக்கூடும். நடந்தது அதற்கு இடம் தரவில்லை. மலேசியாவில் கோப்பு மூடப்பட்டிருந்த அதே 2016-இல் சிங்கப்பூர் தன் மண்ணிலிருந்த பிஎஸ்ஐ வங்கியின் உரிமத்தைப் பறித்தது. அமெரிக்கா சொத்துப் பறிமுதல் வழக்குத் தொடுத்தது. 2018 பிப்ரவரியில், வழக்கின் முக்கியப் புள்ளியான ஜோ லோவுடன் தொடர்புடைய ‘இக்வானிமிட்டி’ சொகுசுக் கப்பலை, அமெரிக்கா கேட்டுக்கொண்டபடி இந்தோனேசியா பாலித் தீவில் பிடித்தது. உள்ளூர் நீதிமன்றம் ஒருமுறை தடைபோட்டபோதும் அந்தக் கப்பல் அதே ஆண்டு ஆகஸ்டில் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2019-இல் 12.6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வெளிநாடுகள் வங்கிக் கணக்கேடுகளையும் சொத்துகளையும் கைப்பற்றி வைத்திராவிட்டால், புதிய அரசு வெறுங்கையோடுதான் தொடங்கியிருக்கும். சிவப்பு அறிவிப்பு வெளியாகிப் பல ஆண்டுகள் கடந்தும் ஜோ லோ பிடிபடவில்லை. பணத்தின் பெரும்பகுதிக்கோ தடயம் கிடைத்தது. ஆளைத் தேடும் அறிவிப்பைவிடப் பணத்தைத் தொடரும் விசாரணை பலன் தந்தது என்பதே இவ்வழக்கின் பாடம்.

இத்தகைய அமைப்புகளைப் பிறரைப் பழிவாங்க அரசுகள் பயன்படுத்தாதா என்பது இன்னொரு கேள்வி. கேள்வி நியாயமானதே. அரசியல் தன்மையுள்ள விவகாரங்களில் தலையிட இன்டர்போலுக்கு அதன் சாசனத்தின் 3-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. தவறான அறிவிப்புகள் மீதான முறையீடுகளை ஆராயத் தனி ஆணையமும் உண்டு. ஆனாலும் ஊழல் குற்றச்சாட்டையும் அரசியல் பகையையும் பிரித்தறிவது எளிதல்ல. இன்டர்போலின் தலைவராகவே இருந்த மெங் ஹோங்வெய் 2018-இல் சீனாவில் காணாமல் போனார். விளக்கம் கேட்ட அமைப்புக்குக் கிடைத்தது அவருடைய பதவி விலகல். 2020-இல் லஞ்ச வழக்கில் அவருக்குப் பதின்மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இது அரசியல் பழிவாங்கல் என்கிறார் அவர் மனைவி. இன்னொரு முன்னாள் தலைவரான ஜாக்கி செலபியை, 2010-இல் ஊழல் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது அவருடைய சொந்த நாடான தென்னாப்பிரிக்காவின் நீதிமன்றம். இத்தகைய தீர்ப்புகளை நம்ப முடிகிறதா என்பது அவற்றை வழங்கும் நாட்டின் நீதிமன்றம் எவ்வளவு சுதந்திரமானது என்பதைப் பொறுத்ததே. அதற்காக ஒத்துழைப்பைக் கைவிடுவது தவறு. ஒவ்வொரு வேண்டுகோளையும் நீதிமன்றம் சரிபார்க்கும் முறையே தேவை.

ஆக, பன்னாட்டு ஒத்துழைப்பு ஊழலைத் தானாக ஒழிப்பதில்லை. உள்நாட்டில் நீதி முடக்கப்பட்டிருக்கும் காலத்தில் சான்றுகளும் பணமும் அழியாமல் காப்பதே அதன் உண்மையான பயன். அவற்றை எடுத்து வழக்காக நடத்தித் தண்டனை வரை கொண்டுசெல்ல, ஆட்சியாளர் நினைத்தபோது நீக்க முடியாத விசாரணை அதிகாரியும் அரசு வழக்கறிஞரும் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும்.