சிறைவாசிகளின் குழந்தைகள்

தாயுடன் சிறைக்குள் வளரும் பச்சிளங்குழந்தைகள், தாயோ தந்தையோ உள்ளே இருக்க வெளியே பாட்டி வீட்டிலோ விடுதியிலோ வளர்பவர்கள் என இவர்கள் இருவகையினர். இரண்டாம் வகையினரே மிகுதி. ஆனால் சட்டமும் தொண்டும் முதலில் கவனித்தது முதல் வகையினரைத்தான்.

லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்கு 1813இல் சென்ற சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் பிரை, தாய்மாரோடு அடைபட்டிருந்த குழந்தைகளைக் கண்டார். 1817இல் அவர்களுக்காக அங்கேயே ஒரு பள்ளி தொடங்கினார். அதன் ஆசிரியை, கடிகாரம் திருடி உள்ளே வந்த ஒரு பெண்.

இந்தியாவில் மாற்றம் தாமதமாகவே வந்தது. 1993 முதல் 1995 வரை திகார் சிறை நிர்வாகத்தைக் கவனித்த கிரண் பேடியின் காலத்தில் அங்கே குழந்தைகள் காப்பகம் அமைந்தது. விசாரணைக் கைதிகள் தொடர்பான ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே திருப்புமுனை. பெண்கள் பகுதியிலேயே வளர்ந்த ஆண் குழந்தைகள் தம்மைப் பெண்பாலில் சொல்லிப் பேசியதையும், தெரு விலங்குகளைக் கண்டு சிலர் மிரண்டதையும் ஓர் ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைத்தது. குழந்தை கைதியல்ல, உணவும் கல்வியும் மருத்துவமும் அதன் உரிமை என்றது தீர்ப்பு. ஆறு வயது வரை தாயுடன் இருக்கலாம். பிறகு, தாயின் விருப்பப்படி உறவினரிடமோ இல்லத்திலோ சேர்க்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்கவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என எழுதக் கூடாது என்றதுதான் இவற்றுள் மிக நுட்பமானது; பள்ளியில் சேரும் நாளில் அதன் அருமை தெரியும்.

பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றி 2010இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகள், தாயும் குழந்தையும் தடுப்பின்றித் தொட்டுப் பேசும் சந்திப்பை வலியுறுத்தின. மனு போட்டுக் காத்திருந்து, கம்பி வலைக்கு அப்பால் தகப்பனைப் பார்த்துத் திரும்பும் பிள்ளைக்கு இந்த விதியின் பயன் இன்னும் எட்டவில்லை. வருமானம் நின்ற வீடு, பாதியில் நிற்கும் படிப்பு, ஊரார் பேச்சு ஆகியவற்றை அப்பிள்ளை தனியாகவே சமாளிக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். தாயுடன் உள்ளே இருந்த குழந்தைகள் 1,764 பேர். வெளியே இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அந்த அறிக்கையில் அட்டவணையே இல்லை.