வளைபாதம்

வளைபாதம் என்பது குழந்தையின் பாதம் உட்புறமாகவும் கீழ்நோக்கியும் திருகி அமையும் பிறவிக் குறைபாடு. ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும். ஆண் குழந்தைகளிடம் இரு மடங்கு அதிகம். கர்ப்ப காலத்தில் கிரகணம் பட்டதால் வருவது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறையே இன்று உலகெங்கும் முதன்மைச் சிகிச்சை. வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி, தொடைவரை மாவுக்கட்டு போடுவார்கள். ஐந்தாறு கட்டுகளில் வளைவு நிமிரும். பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நாணை வெட்டிவிடும் சிறு அறுவை. மூன்று வாரத்தில் நாண் மீண்டும் கூடிவிடும். அதன்பின் கம்பியால் இணைத்த காலணியை மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கைந்து வயதுவரை உறங்கும்போதும் அணிய வேண்டும். பாதியில் நிறுத்தினால் வளைவு திரும்பக்கூடும். பெற்றோரின் பொறுமை அறுவையைவிடக் குறைந்ததல்ல.

கோவில்பட்டிக் கரிசலில் தீப்பெட்டி வேலையையும் மானாவாரி வெள்ளாமையையும் நம்பியுள்ள குடும்பத்துக்கு ஒவ்வொரு கட்டும் ஒருநாள் கூலி இழப்பு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் இக்குறைபாட்டையும் சேர்த்து, இலவசச் சிகிச்சைக்கு வழி செய்தது. ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கிறது.

முறையாகச் சிகிச்சை பெற்ற குழந்தை ஓடும். கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குப் பிடித்த ஹாக்கியும் ஆடும். 1991, 1999 மகளிர் உலகக் கோப்பைகளை வென்ற அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை மியா ஹாம் வளைபாதத்துடன் பிறந்தவர்.